இரண்டு கோப்புகள்

மீட்பு நடந்த அன்றைக்கே ஒரு பிள்ளையின் பெயரில் இரண்டு கோப்புகள் உண்டாகிவிடுகின்றன. ஒன்று, அவனை வேலைக்கு வைத்தவர் மீது. தொழிலாளர் துறையின் புகார், போலீஸ் வழக்கு, பிறகு நீதிமன்றம் என்று அது தன் வழியில் போகும். இன்னொன்று பிள்ளைக்கானது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் அவனைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். அன்று இரவு அவன் எங்கே படுப்பான் என்பதில் தொடங்கி, இனி யாரிடம் வளர்வான் என்பது வரை அந்தக் குழுதான் முடிவு செய்யும். முதல் கோப்பில் எதிரி உண்டு, சாட்சி உண்டு, தண்டனை உண்டு. இரண்டாவதில் இவை எதுவும் கிடையாது. ஆனால் சிவகாசியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து விருதுநகருக்கு பஸ் ஏறி வரும் அம்மாக்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லியிருப்பதில்லை. தங்கள் மீதுதான் கேஸ் என்று நினைத்துக்கொண்டே வருகிறார்கள். சிலர் அந்தப் பயத்தில் வராமலே இருந்துவிடுகிறார்கள். வராத தாயைக் கோப்பு 'அக்கறை இல்லாதவர்' என்று எழுதிக்கொள்கிறது.

சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் இருந்துகொண்டு இப்படிப்பட்ட பெற்றோருக்காகப் பல வருடங்களாகக் குழுவின் முன் போய்வருகிறேன். பெற்றோருக்கு உரிமை என்று சட்டப் புத்தகத்தில் என்னென்னவோ இருக்கிறது. கேட்கப்படும் உரிமை, உத்தரவின் நகல் பெறும் உரிமை, மேல்முறையீடு, இலவச வக்கீல். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் இந்த வேலையில் அவை எல்லாம் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: அந்த அம்மாவால் பயமில்லாமல் உண்மையைச் சொல்ல முடிகிறதா? பொய் சொல்லும் பெற்றோரிடம் எந்தக் குழுவும் பிள்ளையை நம்பித் திருப்பித் தராது. உண்மை சொன்னால் ஜெயில் என்று நம்பும் பெற்றோர் பொய்தான் சொல்வார்கள். இந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் வக்கீலின் முதல் வேலை. வாதம் எல்லாம் அதற்குப் பிறகு.

பொய் அவர்களுடையதாக இருப்பதும் அபூர்வம். வெம்பக்கோட்டைப் பக்கத்து அம்மா ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ம் பிரிவு குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது; அதனால் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். மே மாதம், பள்ளிக்கூட விடுமுறை. ஊருக்கு வெளியே லைசென்ஸ் இல்லாத ஒரு தகரக் கொட்டகையில் வெடிக்குத் திரி வைத்துக்கொண்டிருந்த பதிமூன்று வயதுப் பையனை மீட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். அம்மா வேறொரு பட்டாசு ஆபீசில் வேலை. எங்கள் பக்கத்தில் ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ், அச்சாபீஸ். மறுநாள் வேலைக்குப் போகாமல் என் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

"அவன் வேலைக்குப் போகல மேடம். அவுக சித்தப்பனுக்குச் சோறு குடுக்கப் போனான்."

"அப்புறம் எப்படி நகக்கண்ணு பூராம் அலுமினியத் தூளு?"

பதில் இல்லை. சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"யாரு இப்படிச் சொல்லச் சொன்னாங்க?"

"கொட்டகைக்காரரு. இப்படிச் சொன்னாத்தான் எனக்கு ஜெயிலு இல்லையாம். வயசு கேட்டா பதினஞ்சு முடிஞ்சிருச்சுன்னு சொல்லச் சொன்னாரு."

கொட்டகைக்காரர் சொல்லிக்கொடுத்தது அவர் தப்பிக்கும் வழி. அதிலும் பழைய சரக்கு. 1986-ம் வருடக் குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி பதினான்கு வயது முடிந்துவிட்டால் கதை வேறு. 2016-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பதினான்குக்குக் கீழே எந்த வேலையும் கூடாது. பதினான்கிலிருந்து பதினெட்டு வரை அபாயகரமான தொழில் கூடாது. வெடிபொருள் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆக, பதினைந்து என்று சொல்வதால் முதலாளிகூடத் தப்பிக்க முடியாது. அம்மாவோ, வயதை மாற்றிச் சொன்னதற்காகக் குழுவின் நம்பிக்கையை இழப்பார். அது போக, வயதை நிர்ணயிப்பது அம்மாவின் வாய் அல்ல. இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ம் பிரிவின்படி முதலில் பள்ளிச் சான்று, இல்லாவிட்டால் பஞ்சாயத்தோ நகராட்சியோ தந்த பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. பள்ளிக்கூடத்துக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும் விஷயத்தில் ஒரு தாயைப் பொய் சொல்லவைத்து அனுப்புகிறார்கள்.

குடும்பத்துக்கு ஒத்தாசையாக வேலை செய்யலாம் என்று சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறதே என்று படித்த இளைஞர்கள் சிலர் கேட்பார்கள். இருக்கிறது. பள்ளி நேரம் போக, அபாயமில்லாத குடும்பத் தொழிலில் மட்டும். திண்ணையில் உட்கார்ந்து வெறும் காகிதக் குழாய் உருட்டுவதும், மருந்து ஏறிய குழாய்க்குத் திரி வைப்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. இந்தக் கோட்டை அம்மாக்களுக்கு விளக்கிச் சொன்னால் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள். மருந்தைப் பற்றி அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி ஜெயில் விஷயம். 2016 திருத்தத்தில் அதிகம் பேசப்படாத ஓர் உட்பிரிவு உண்டு. வேலைக்கு வைத்தவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெற்றோருக்கோ முதல் தடவை தண்டனை கிடையாது. திரும்பவும் அனுப்பினால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அவ்வளவுதான். இதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிவைத்திருக்கிறேன். வாயால் சொல்வதைவிட எழுத்தில் காட்டும்போது முகம் மாறுவதைப் பார்க்கலாம். படிக்கத் தெரிந்தவர்கள் தாங்களே இரண்டு முறை படிப்பார்கள். தெரியாதவர்கள் கூட வந்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள்; வக்கீல் படிப்பதை மட்டும் நம்பிவிட மாட்டார்கள். சரியான எச்சரிக்கைதான்.

ஆனால் அந்தத் தாளை எடுப்பதற்கு முன்னால் முதல் தகவல் அறிக்கையைப் பார்த்தாக வேண்டும். கொட்டகைக்கு லைசென்ஸ் இல்லை என்றால் வெடிபொருள் சட்டங்களின் கீழும் வழக்கு இருக்கும். அங்கே அப்பாவோ சித்தப்பாவோ எதிரியாகச் சேர்க்கப்பட்டிருக்கலாம். பெற்றோருக்கு மேலே சொன்ன தண்டனை விலக்கு அந்த வழக்குக்குப் பொருந்தாது. அப்படியிருந்தால் அந்த நபருக்குத் தனி வக்கீல் வேண்டும், குழுவின் முன் அவர் என்ன பேசலாம் என்பதையும் தனியாக யோசிக்க வேண்டும். கோப்பைப் பார்க்காமல் 'பயப்படாதீங்க' என்று சொல்வது எங்கள் தொழிலில் சுலபமாகச் செய்யக்கூடிய துரோகம்.

அன்று அந்த அம்மாவின் பெயர் எதிலும் இல்லை. தாளைக் காட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார். கொட்டகைக்காரரிடம் போன தீபாவளிக்கு முன்னால் அட்வான்ஸ் வாங்கியது, வீட்டுக்காரருக்கு நடக்க முடியாமல் போனது, ஜூன் மாதம் திரும்பப் பள்ளிக்கு அனுப்பிவிடலாம் என்று நினைத்தது. இதை அப்படியே, அலங்காரமில்லாமல், அவர் சொன்ன வரிசையிலேயே குழுவுக்கு மனுவாக எழுதினேன். பிள்ளை வேலைக்குப் போனான், அனுப்பியது நான்தான் என்பது மனுவின் இரண்டாவது வரி. இளம் வக்கீல்கள் இதைப் பார்த்தால் பதறுவார்கள். ஒப்புதல் வாக்குமூலத்தை நாமே எழுதிக்கொடுப்பதா என்பார்கள். குற்றவியல் நீதிமன்றத்தில் பழகிய கை அது. அங்கே நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பின் பொறுப்பு, நாம் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். குழுவின் முன்னால் மௌனம் பாதுகாப்பில்லை. குழுவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்த வீட்டுக்குப் போனால் பிள்ளை மறுபடி மருந்தைத் தொடுவானா? நடந்ததை மறைக்கும் அம்மா அதற்குப் பதில் சொல்லும் தகுதியை இழந்துவிடுகிறார்.

பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், வீட்டின் வறுமையை அரசின் பொறுப்பாகவும் பார்க்கும் இந்தப் பார்வைக்கு ஒரு வேர் சிவகாசியிலேயே இருக்கிறது. எம்.சி. மேத்தா தமிழ்நாடு அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றியதுதான். 1990-ல் உச்ச நீதிமன்றம் முதலில் தந்த உத்தரவு இப்போது படித்தால் தயக்கமானதாகத் தெரியும். மருந்து வேலையில் பிள்ளைகள் கூடாது, தள்ளி உட்கார்ந்து பேக்கிங் செய்யலாம் என்கிற மாதிரி. அடுத்த வருடமே சிவகாசிப் பட்டாசு ஆலை ஒன்றில் பெரிய விபத்து. செய்தியைப் பார்த்து நீதிமன்றம் தானாகவே விவகாரத்தை மறுபடி கையில் எடுத்தது, வழக்கறிஞர்கள் குழுவை அனுப்பி அறிக்கை வாங்கியது. 1996 டிசம்பர் 10-ம் தேதி வந்த தீர்ப்பு இந்தியா முழுவதற்கும் ஆனது. அபாயகரமான தொழிலில் வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். பிள்ளைக்குப் பதிலாகக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலைக்கு வழி செய்ய வேண்டும். முடியாவிட்டால் அரசு தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும். அந்தப் பணத்தின் வட்டி குடும்பத்துக்கு. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் இந்தச் சலுகை நின்றுபோகும்.

இருபத்தைந்தாயிரத்தின் வட்டி ஒரு பிள்ளையின் வாரச் சம்பளத்துக்கு ஈடாகுமா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். இருந்தாலும் பிள்ளை வீட்டுக்குத் திரும்ப வேண்டுமென்றால் அவன் கொண்டுவந்த கூலிக்கு ஒரு மாற்று கூடவே போக வேண்டும் என்பதை அந்தத் தீர்ப்பு புரிந்துவைத்திருந்தது. இன்றைக்குக் குழுவின் முன் நான் எழுதும் ஒவ்வொரு மனுவின் கடைசிப் பத்தியிலும் அந்த யோசனை இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இளைஞர் நீதிச் சட்டம், 2015 பெற்றோருக்குத் தரும் பிடிமானங்கள் 3-ம் பிரிவிலேயே தொடங்குகின்றன. பிள்ளையை வளர்க்கும் முதல் பொறுப்பு பெற்ற குடும்பத்துடையது. இல்லத்தில் வைப்பது கடைசி வழி. இயற்கை நீதி, அதாவது இரு தரப்பையும் கேட்ட பிறகே முடிவு. இவை வெறும் முன்னுரை என்று நினைப்பவர்கள் உண்டு. குழு இந்தக் கொள்கைகளின்படிதான் நடக்க வேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டு ஆதரவற்றோர் இல்லங்களில் பிள்ளைகள் பட்ட பாட்டைப் பற்றிய வழக்கில் 2017 மே 5-ம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் இல்லத்தில் சேர்ப்பது ஒன்றே வழி அல்ல என்பதை அழுத்திச் சொன்னது.

ஆனால் குழுவின் அறையில் சட்டக் கொள்கையைவிடக் கனமான பொருள் ஒன்று உண்டு. சமூக விசாரணை அறிக்கை. முதன்முதல் ஆஜர்படுத்திய நாளிலிருந்து பதினைந்து நாளில் அது வந்துவிட வேண்டும், நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு என்பது கணக்கு. வீட்டைப் போய்ப் பார்த்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து, பள்ளியில் கேட்டு எழுதப்படும் அறிக்கை. நல்ல அலுவலர் எழுதிய அறிக்கை ஒரு குடும்பத்தின் வரலாறு. அவசரத்தில் எழுதியது வேறு மாதிரி.

எந்த அலுவலகம், எந்த ஆள் என்று சொல்லப் போவதில்லை. ஓர் அறிக்கையில் ஒரே ஒரு வரியின் மேல் பிள்ளை இல்லத்தில் தங்கும்படி ஆகியிருந்தது. 'கள ஆய்வின்போது வீடு பூட்டியிருந்தது, பெற்றோர் ஒத்துழைக்கவில்லை.' கள ஆய்வு நடந்த நேரம் காலை பதினொரு மணி, செவ்வாய்க்கிழமை. எங்கள் ஊர்களில் விடிந்ததும் விடியாததுமாக ஆபீஸ் வண்டி தெருமுனையில் வந்து நிற்கும். ஏறிப் போகிறவர்கள் சாயங்காலம்தான் இறங்குவார்கள். வேலை நாளில் பதினொரு மணிக்கு வீடு திறந்திருந்தால்தான் அது விசாரிக்க வேண்டிய விஷயம். பூட்டியிருந்த வீடு, அந்தப் பெற்றோர் உழைக்கப் போயிருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி. அறிக்கையில் அது எதிர்ச்சாட்சியாக மாறிவிட்டது.

இதற்கு நான் ஆட்சேபணை மனு போட்டு அலுவலரைக் குறை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலோ சாயங்காலம் ஆறரைக்கு மேலோ ஒரு முறை போய்ப் பார்க்கும்படி கேட்டேன். கூடவே தாய் வேலை செய்யும் ஆபீசின் வருகைப் பதிவு நகல், ரேஷன் கார்டு, பையனின் தடுப்பூசி அட்டை, ஏழாம் வகுப்பு மதிப்பெண் அட்டை, வகுப்பாசிரியர் கையெழுத்திட்ட ஒரு கடிதம். தடுப்பூசி அட்டை எதற்கு என்று கேட்பார்கள். பிறந்ததிலிருந்து ஒரு ஊசி விடாமல் போட்டிருக்கும் தாயைப் பற்றி 'அக்கறை இல்லாதவர்' என்று எழுதுவது கஷ்டம். பழுப்பேறி, மடிப்பில் கிழிந்து, பாலித்தீன் உறையில் போட்டுப் பத்திரப்படுத்திய அந்த அட்டையைக் குழுவின் மேசையில் வைத்தால் உறுப்பினர்கள் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். அவர்களில் பெண்களும் உண்டு, பிள்ளை பெற்று வளர்த்தவர்கள். அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, வரிக்கு வரி படித்து, தவறான வரிக்கு மட்டும் காகிதத்தால் பதில் வைப்பது. இதுதான் எனக்குத் தெரிந்த வாதத் திறமை.

குழு என்பது நீதிமன்றம் மாதிரி இருக்காது, இருக்கவும் கூடாது. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள்; முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குள்ள அதிகாரம் அவர்களுக்கு உண்டு. ஆனால் மேடை கிடையாது, எல்லோரும் ஒரே மட்டத்தில் உட்கார்வார்கள். போலீஸ் சீருடையில் வரக் கூடாது. நானும் கறுப்புக் கோட்டைப் பையிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். குரலை உயர்த்துவது, மீட்டவரைக் குறுக்கு விசாரணை செய்வது எல்லாம் அங்கே எடுபடாது. பிள்ளையின் விருப்பத்தையும் குழு கேட்க வேண்டும், வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப. அந்த நேரம் பெற்றோரும் நானும் வெளியே போய்விடுவோம். 'அம்மாகிட்டதான் போவேன்னு சொல்லுடா' என்று வராந்தாவில் யாராவது பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதைக் கண்டால் கோபம் வரும். சொல்லிக்கொடுத்த வார்த்தையை உறுப்பினர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். பிள்ளை போக விரும்பவில்லை என்றால், அதற்கு ஒரு காரணம் இருந்தால், அதைத் தெரிந்துகொள்ள வேண்டியது என் கட்சிக்காரரான அம்மாவும்தான். குடிகார அப்பாவுக்குப் பயந்து வீட்டுக்கு வர மறுத்த பெண்பிள்ளையின் வழக்கில், அம்மா தன் தாயார் வீட்டுக்குப் போய் இருந்துகொண்டு மறுபடி மனு போட்டார். அம்மாச்சியையும் குழு பாதுகாவலராக ஏற்கலாம். பிள்ளையை உண்மையில் பார்த்துக்கொள்பவர் யாரோ அவரும் சட்டப்படி பாதுகாவலர்தான். பெற்றவரின் உரிமையைப் பிள்ளையின் பயத்துக்கு மேலே வைத்து வாதாட எனக்கு மனமில்லை. சட்டமும் அதைக் கேட்கவில்லை.

மீட்பு வழக்கைவிட எனக்குக் கஷ்டமானவை வேறொரு வகை. பட்டாசு விபத்தில் புருஷனை இழந்த அம்மாக்கள். சாவு வீட்டு ஈரம் காய்வதற்குள் யாராவது வந்து, பிள்ளையை ஹாஸ்டலில் சேர்த்துவிடுகிறோம், படிப்பு, சாப்பாடு, எல்லாம் இலவசம் என்பார்கள். நல்லெண்ணத்தில் சொல்பவர்களே அதிகம். அம்மாவும் கைநாட்டு வைத்துவிடுவார். தீபாவளிக்குப் பிள்ளையைக் கூட்டிவரப் போகும்போதுதான், அது ஹாஸ்டல் இல்லை, இளைஞர் நீதிச் சட்டத்தில் பதிவான இல்லம், பிள்ளை அங்கே இருப்பது குழுவின் உத்தரவின் பேரில், வெளியே வரவும் உத்தரவு வேண்டும் என்று தெரியவரும். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று அழுதுகொண்டு வருவார்கள். பிடுங்கவில்லை. இல்லத்தின் முதல் நோக்கமே பிள்ளையைக் குடும்பத்தோடு சேர்ப்பது என்று 40-ம் பிரிவு சொல்கிறது. ஒரு மனு, ஒரு வீட்டு விசாரணை, பெற்றோர் தரும் ஓர் உறுதிமொழி, இவ்வளவில் பெரும்பாலும் முடியும்.

ஆனால் கைநாட்டு வைத்த காகிதம் எது என்பதை அன்றைக்கே பார்க்க வேண்டும். இல்லத்தில் சேர்க்கும் விண்ணப்பம் வேறு, 35-ம் பிரிவின் கீழ் பிள்ளையை ஒப்படைக்கும் பத்திரம் வேறு. பின்னது பெற்ற உரிமையையே விட்டுக்கொடுப்பது. தத்துக்கு வழி திறப்பது. அதில் குழு பெற்றோருக்கு ஆலோசனை தந்திருக்க வேண்டும், கையெழுத்து குழுவின் முன்னிலையில் ஆகியிருக்க வேண்டும். மனம் மாற இரண்டு மாத அவகாசமும் உண்டு. அந்த இரண்டு மாதத்தை விட்டுவிட்டு வந்தவருக்குச் செய்ய முடிவது மிகக் குறைவு. அதனால் விபத்து நடந்த ஊர்களில் சட்ட முகாம் நடத்தும்போது இழப்பீட்டைப் பற்றிப் பேசும் அதே மூச்சில் இதையும் சொல்வேன்: பிள்ளையைப் பற்றிய எந்தக் காகிதத்திலும் அந்த மாதம் கைநாட்டு வைக்காதீர்கள், முதலில் யாரிடமாவது படித்துக் காட்டச் சொல்லுங்கள். கஷ்டத்தில் பிள்ளையை விட்டுவிட்டுப் போன பெற்றோரைப் பற்றி 75-ம் பிரிவு ஒரு கருணை காட்டுகிறது. தங்கள் சக்திக்கு மீறிய சூழ்நிலையில் விட்டிருந்தால் அது வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளப்படாது. இது தெரியாமல், திரும்பிப் போய்க் கேட்டால் பிடித்து உள்ளே போடுவார்கள் என்று ஒதுங்கியே இருந்துவிட்ட தாய்மாரை எனக்குத் தெரியும்.

இலவச வக்கீல் விஷயத்தில் ஒரு சின்னத் தகவல். 1987-ம் வருடச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ம் பிரிவில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமான வரம்பு கிடையாது. ஆலைத் தொழிலாளிக்கும் கிடையாது. ஆக, சிவகாசி வட்டாரத்தில் அம்மாவுக்குப் பெண் என்ற முறையிலும் அப்பாவுக்குத் தொழிலாளி என்ற முறையிலும் உரிமை இருக்கிறது. வருமானச் சான்றுக்காக வி.ஏ.ஓ. ஆபீசில் ஒரு நாள் கூலியை இழக்கத் தேவையில்லை. மாவட்ட ஆணைக்குழு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

உத்தரவு பாதகமாக வந்தால்? முதலில் நகல். அதில் மூன்று பேருக்குக் குறையாமல் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பேன். இறுதி முடிவெடுக்கும்போது குறைந்தது மூன்று உறுப்பினர்கள் இருக்க வேண்டும். அவசரத்துக்கு ஒரே உறுப்பினர் பிள்ளையை ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் தனியாக வழக்கை முடித்துவைக்க முடியாது. பிறகு தேதி. உத்தரவு தேதியிலிருந்து முப்பது நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கவும் வழி உண்டு. அதற்கு மேல் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு. பதறிப்போய் நேராக மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போட ஓடுகிறார்கள். குழுவின் உத்தரவின்படி இல்லத்தில் இருக்கும் பிள்ளை சட்டவிரோதக் காவலில் இருப்பதாகச் சொல்வது கடினம், செலவுதான் மிஞ்சும். எனக்கு அதிகம் பயன்பட்டது இவை எதுவுமில்லை, இளைஞர் நீதிச் சட்டத்தின் 104-ம் பிரிவு. பிள்ளை எந்த இல்லத்தில், யார் பராமரிப்பில் இருக்க வேண்டும் என்ற தன் உத்தரவைக் குழுவே திருத்திக்கொள்ள முடியும். சூழ்நிலை மாறியிருக்கிறது என்று காட்டினால் போதும். பூட்டிய வீட்டு வழக்கில் ஞாயிற்றுக்கிழமை விசாரணைக்குப் பிறகு பிள்ளை வீடு திரும்பியது அப்படித்தான்.

கடைசிப் பத்தி என்று சொன்னேன். வெம்பக்கோட்டைப் பக்கத்து அம்மாவின் மனுவில் அது இப்படி இருந்தது: பிள்ளையைத் திருப்பித் தரும் அதே உத்தரவில் நிதி ஆதரவுக்கும் பரிந்துரைக்க வேண்டுகிறேன். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் கிடைக்க வழி இருக்கிறது. கிராமத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-க்குள், மற்ற இடங்களில் 96,000-க்குள் இருக்க வேண்டும். தாய் தகப்பன் இருவரும் இல்லாத பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவர் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளுக்கும் 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 14-பி பிரிவில், முதலாளியிடம் அபராதம் வசூலான ஒவ்வொரு பிள்ளைக்காகவும் அரசு 15,000 ரூபாய் செலுத்த வேண்டும். அந்த அபராதமும் அதோடு சேரும். இந்தப் பணத்தைக் கேட்க வேண்டும் என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது, ஏனென்றால் அது முதல் கோப்பில் இருக்கிறது. அவர்கள் பார்க்க விரும்பாத கோப்பு.

உத்தரவு வாங்கிப் பிள்ளையோடு வெளியே வந்ததும் அந்த அம்மா கேட்டது அட்வான்ஸைப் பற்றித்தான்.

"கொட்டகைக்காரரு பாக்கிப் பணம் கேப்பாரு மேடம். இவன அனுப்பித்தான் கழிச்சுக்கிட்டு இருந்தேன்."

முன்பணத்துக்கு ஈடாக ஒருவரின் உழைப்பைப் பிடித்துவைப்பது 1976-ம் வருடக் கொத்தடிமைத் தொழில் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வரலாம். அப்படி வந்தால் அந்தக் கடனே செல்லாது. தீர்மானிக்க வேண்டியது வருவாய்த் துறை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் டீக்கடையில் உட்கார்ந்து, எவ்வளவு வாங்கினார், எந்த வாரத்திலிருந்து எவ்வளவு கழித்தார்கள், சீட்டு ஏதும் உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். சீட்டு இல்லை, வீட்டுக் காலண்டரில் சனிக்கிழமைகளைச் சுழித்து வைத்திருப்பதாகச் சொன்னார். அந்தக் காலண்டரைக் கிழிக்காமல் கொண்டுவரச் சொன்னேன். சிவகாசியில் அச்சான காலண்டர்தான். வட்டாட்சியருக்கு எழுதும் மனுவோடு இணைக்க வேண்டும்.